டைக்ரோமேட்டை நிறுப்பவர்கள்

ஆலைக் கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று அளந்து சொல்லும் சோதனைகளில் முக்கியமானது சிஓடி. நீரில் கலந்திருக்கும் கரிமப் பொருளை எரித்துத் தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. எரிக்கிற வேலையைச் செய்வது பொட்டாசியம் டைக்ரோமேட். நொறுக்கிய கல்கண்டைச் செங்காவியில் தோய்த்தது போல இருக்கும். பார்க்க அழகான பொடி. டப்பாவின் மேல் ஐந்து அபாயப் படங்கள் அச்சாகியிருக்கும்: மண்டையோடு, வட்டத்தின் மேல் எரியும் தீ, அமிலம் அரிக்கும் கை, நெஞ்சில் வெடிப்பு விழுந்த மனித உருவம், செத்த மீன். ஐந்தும் ஒரே டப்பாவில் சேர்ந்து வரும் பொருள்கள் ஆய்வக அலமாரியில் அதிகமில்லை.

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இந்தப் பொடிக்கு ஓய்வில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார். பிறகு பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் தொழிற்சாலை வந்தது. அதன் பெயரில் எழுந்த ஊர்தான் குரோம்பேட்டை. அந்த ஆலை மூடிப் பல காலமாகிவிட்டது, ஆனால் நாகல்கேணிப் பக்கம் தோல் தொழில் தங்கிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தமிழ்நாட்டின் தோல் ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓட முடியாது என்றானது. சுத்திகரித்த நீரை ஆற்றிலோ ஏரியிலோ விடுவதென்றால் லிட்டருக்குச் சிஓடி 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மொத்த குரோமியம் 2 மில்லிகிராம். அதிலும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் 0.1 மில்லிகிராம்தான். இந்த எண்களை யாரோ ஒருவர் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அப்படி அளப்பவர்களைப் பார்க்கத்தான் குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் நடக்கும் நீர் ஆய்வகத்துக்குப் போனேன். மூத்த வேதியியலர் ஒரு பெண். எம்எஸ்ஸி முடித்ததிலிருந்து இதே வேலை. அன்று டைக்ரோமேட் கரைசல் புதிதாகத் தயாரிக்கும் நாள். தராசு அறைக்குள் நுழைந்ததும் உதவியாளரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஃபேனை நிறுத்துப்பா."

மே மாத வெயில். ஜன்னலும் சாத்தியிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேர்த்தா வேர்க்கட்டும் சார். ஃபேன் ஓடுனா பொடி எங்க போய் உக்காருதுன்னே தெரியாது. அப்புறம் யாராவது அதே மேசைல டீ கிளாஸை வைப்பாங்க" என்றார்.

ஒரு லிட்டர் கரைசலுக்கு 12.259 கிராம் வேண்டும் என்று செய்முறை ஏடு சொல்கிறது. கல்லூரியில் நாங்கள் வாட்ச் கிளாஸில் நிறுத்து, பிறகு பீக்கருக்கு மாற்றுவோம். இவர் மாற்றுவதே இல்லை. பீக்கரையே தராசில் வைத்து, எடையைச் சுழியாக்கி, அதற்குள்ளேயே ஸ்பேட்டுலாவால் மெல்ல இறக்குகிறார். தராசின் எண் 12.3 அருகே வந்ததும் நிறுத்திவிட்டார். நான் 12.259 வரை குறைப்பார் என்று காத்திருந்தேன். "சரியா அந்த நம்பர்தான் வேணும்னு கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் போட்டு விளையாடுனா தூசி கிளம்பும். என்ன வந்துச்சோ அதை எழுதிட்டு நார்மாலிட்டியைக் கணக்குல திருத்திக்கலாம்" என்றார். வேதியியல் பாடப்புத்தகம் எதிலும் நான் படிக்காத பாடம் இது. கணக்கு எளிது, 12.3 கிராம் என்றால் செறிவு 0.25க்குப் பதில் 0.2508. அந்தச் சிறு பெருக்கலைச் செய்யச் சோம்பல்பட்டவர்கள் எத்தனை ஆண்டுகள் இந்தத் தூசியைச் சுவாசித்திருப்பார்கள்!

அடுத்து வாஷ் பாட்டிலை எடுத்து ஸ்பேட்டுலாவை அந்தப் பீக்கருக்குள்ளேயே கழுவினார். "பொடி தண்ணியைப் பாத்துட்டா பாதி பயம் போச்சு." மீதிப் பயம் கரைசலுடையது, அதற்கு நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும். முகத்தில் இருந்தது என்95. துணி மாஸ்க்கும் மருத்துவமனை மாஸ்க்கும் இந்த நுண்தூளுக்குப் பயன்படாது என்று உதவியாளருக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மேசையைத் துடைத்த விதத்தைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். ஈரத் தாளால் ஒரே திசையில் இழுத்துத் துடைத்தார். தாளில் லேசான மஞ்சள் கறை. அதை ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசல் இருந்த ஜாடியில் போட்டார். சிஓடி சோதனையின் முடிவில் மீந்த டைக்ரோமேட்டை அளக்கப் பயன்படும் அதே உப்புதான். மஞ்சள் போய் வெளிர்பச்சை வந்தது. ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக இறங்கிவிட்டதன் அடையாளம் அந்தப் பச்சை.

ஆறுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. தோல் ஆலைகளில் மூட்டை மூட்டையாக டிரம்மில் கொட்டும் பச்சைப் பொடி, மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் சல்பேட். அதுவும் தோலில் அரிப்பு தரும், ஆனால் உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது. டைக்ரோமேட் நுழைந்துவிடும். குரோமேட் அயனி உருவத்தில் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்கென்று உடல் வைத்திருக்கும் வாசல் இதற்கும் திறக்கிறது. உள்ளே போய் அது மூன்றாக மாறும் வழியில்தான் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் ஆறு இணைதிறன் குரோமியத்தை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. நுரையீரல்தான் முதல் இலக்கு.

டைக்ரோமேட் தோலில் உண்டாக்கும் புண்ணின் கதை இன்னும் பழையது. 1827இல் வில்லியம் கியூமின் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இதே பொட்டாசியம் டைக்ரோமேட் தொழிலாளர் உடலில் என்ன செய்கிறது என்று எழுதினார். அந்தக் கட்டுரையின் இன்னொரு பாதி நம் எருக்கஞ்செடியின் மருத்துவ குணங்களைப் பற்றியது. ஒரே தலைப்பின் கீழ் எருக்கும் டைக்ரோமேட்டும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் குரோம் புண்ணைத் தனியாகக் குறிப்பிட்டது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு. கல்லூரி ஆய்வகம் தொழிற்சாலைக் கணக்கில் வரவில்லை.

இதைச் சொல்லக் காரணம், கிழக்குத் தாம்பரத்தில் நான் சந்தித்த ஒரு பெரியவர். ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டைக்ரோமேட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்தால் வருவது குரோமிக் அமிலம். பியூரெட், பிப்பெட் கழுவ அதைத்தான் அவர் தலைமுறை பயன்படுத்தியது.

"எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பியூரெட்ல தண்ணி முத்து முத்தா நிக்கும் தம்பி. குரோமிக் ஆசிட் ஊத்தி ராத்திரி வெச்சா காலைல கண்ணாடி மாதிரி இருக்கும். பொடியை நான்தான் கல்வத்துல இடிச்சுப் போடுவேன்."

"கையுறை எதுவும் தந்தாங்களா ஐயா?"

"அப்பல்லாம் ஏது?"

கையை நீட்டிக் காட்டினார். விரல் முட்டிகளிலும் நகக்கண்களை ஒட்டியும் குழிந்த வட்டத் தழும்புகள். வட்டமாக, ஆழமாக, விளிம்பு தடித்து வருவதுதான் குரோம் புண்ணின் குணம். பெரும்பாலும் வலிக்காது. "வலிச்சிருந்தா டாக்டர்ட்ட போயிருப்பேன். வலிக்கல, விட்டுட்டேன்" என்றார். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமாம். உடம்பு சூடு என்று இளநீர் குடித்திருக்கிறார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இளநீர் என் மனதை விட்டுப் போகவில்லை. டைக்ரோமேட் தூசி மூக்கின் நடுத்தண்டை அரித்துத் துளையிடும். அதற்கு முன்னறிவிப்பு இப்படி வரும் ரத்தம். சென்னைக் கோடையில் மூக்கில் ரத்தம் வந்தால் சூடு என்றுதான் எந்த வீட்டிலும் சொல்வார்கள். டப்பாவின் மேல் இருந்த எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலம். படங்களின் பொருளை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பு எடுத்த பேராசிரியர்கள் பொடியைத் தொட்டதில்லை. மாணவர்கள் சில சோதனைகளில் தொட்டார்கள். பணிக்காலம் முழுக்க இடித்தவர் அவர் ஒருவர்தான்.

சிந்தியதை விளக்குமாற்றால் கூட்டுவதும் அவர் வேலையாக இருந்தது. உலர்ந்த பொடியைக் கூட்டவே கூடாது. மரத்தூள் போட்டு அள்ளுவது அதைவிட மோசம், ஏனென்றால் டைக்ரோமேட் தான் எரியாவிட்டாலும் மரம், தாள், சாராயம் போன்றவற்றில் தீயைத் தூண்டிவிடும். ஈரத்துணி, பிறகு ஃபெர்ரஸ் சல்பேட். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அழைத்துப் போக வேண்டும். சிறுநீரகம் கெடும், சில கிராமே உயிரைக் கொல்லும்.

குரோம்பேட்டை ஆய்வகத்தில் சோதனை முடிந்த திரவத்தைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. ஒரு மாதிரிக்குக் கழிவுநீர் 20 மில்லி, டைக்ரோமேட் கரைசல் 10 மில்லி, வெள்ளி கலந்த கந்தக அமிலம் 30 மில்லி, 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட். அதாவது குரோமியத்தோடு பாதரசமும். எல்லாம் ஒரு கேனில் சேர்ந்து, அபாயக் கழிவாக வெளியேறுகிறது. சிறு குழாய்களில் மூடிவைத்துச் செய்யும் முறைக்கு மாதிரி 2.5 மில்லி போதும். கழிவு பத்தில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடும். அதற்கு மாறப்போவதாக அந்த வேதியியலர் சொன்னார். ராணிப்பேட்டையில் 1995இல் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஆய்வகக் கேன் சிறியது, ஆனால் அதில் இருக்கும் பொருள் அதுவேதான்.

கல்லூரி முதல்வர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் கேட்கிறேன்: கண்ணாடி கழுவக் குரோமிக் அமிலத்தை இனி யாரிடமும் கொடுக்காதீர்கள், குரோமியம் இல்லாத கழுவுபொருள்கள் கடையில் இருக்கின்றன. கரைசலைத் தயாராக வாங்க முடிந்தால் வாங்குங்கள். பொடியாகத்தான் வைத்திருப்பீர்கள் என்றால், டப்பாவில் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி, அட்டெண்டரை உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். அவர் மூக்கையும் கையையும் ஆண்டுக்கொருமுறை ஒரு மருத்துவர் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் ஆய்வகத்தில் வேலை செய்பவர் யாராவது இருந்து, அவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அவர் எந்தப் பொடியைக் கையாள்கிறார் என்பதைத்தான்.