நாய்க்கும் ஓர் அறை

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது வீட்டு நாயை என்ன செய்வீர்கள்? அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவோம். அவர் மிச்சச் சோற்றில் கொஞ்சம் கருவாட்டைப் பிசைந்து வைப்பார். தோட்டத்தில் அது போதும். அமெரிக்காவில் அப்படி ஓர் அக்கா எல்லாருக்கும் வாய்ப்பதில்லை போலும். நாயையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்கே போய்விடுகிறார்கள்!

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், புளோரிடா மாநிலத்தில் வேலை செய்யும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து ஒர்லாண்டோவுக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் புறப்பட்டோம். 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட இடம் அது. பரப்பு ஏறக்குறைய 25,000 ஏக்கர். இரண்டாயிரம் ஏக்கர்த் தோட்டங்கள் பன்னிரண்டை ஒட்டவைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னிருக்கையில் எனக்கும் என் மருமகளுக்கும் நடுவில் தம்பியின் நாய் உட்கார்ந்திருந்தது. "இதை எங்கேப்பா விடப்போறே?" என்று கேட்டேன். "நம்மளோடதான் தங்கும்க்கா" என்றான்.

மிக்கி எலிக்கே புளூட்டோ என்று ஒரு நாய் உண்டு. ஆனாலும் அங்குள்ள ஹோட்டல்களில் உண்மையான நாய்க்கு நெடுங்காலம் இடமில்லை. கூடாரம் போடும் முகாம் மைதானத்தில் மட்டும் அனுமதித்தார்கள். மற்றவர்கள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டும். 2017 அக்டோபரில்தான் நான்கு விடுதிகளில் நாயை அறைக்குள் விட்டார்கள். நாங்கள் தங்கிய போர்ட் ஓர்லியன்ஸ் ரிவர்சைடு அவற்றில் ஒன்று. ஆற்றங்கரையோரம் மரங்களுக்கிடையே 2,048 அறைகள்.

ஓர் அறைக்கு இரண்டு நாய்கள் வரை கொண்டுபோகலாம். தடுப்பூசி போட்டிருக்கவேண்டும். பதிவு செய்ததும் ஒரு பாய், சோற்றுக்கும் தண்ணீருக்கும் கிண்ணங்கள், கழுத்தில் மாட்டும் அடையாளத் தகடு, கழிவை அள்ள நெகிழிப் பைகள் எல்லாம் தந்தார்கள். உள்ளே நாய் இருக்கிறது என்று கதவில் மாட்ட ஓர் அட்டையும் உண்டு. நீச்சல் குளத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் நாய் வரக்கூடாது. கேளிக்கைப் பூங்காவுக்குள்ளும் வரக்கூடாது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அமெரிக்கச் சட்டப்படி அவை வளர்ப்புப் பிராணிகளே அல்ல. அவற்றுக்குக் கட்டணமும் இல்லை.

கட்டணத்தைக் கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. தொடங்கிய காலத்திலேயே யாட் கிளப் என்னும் விடுதியில் ஓர் இரவுக்கு 75 டாலர், மற்ற மூன்றில் 50 டாலர். அறை வாடகை வேறு! 50 டாலர் என்றால் நம் பணத்தில் இருநூறு வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி வாங்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது மூன்று நாள் சம்பளம். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று தம்பியைக் கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசவில்லை.

மறுநாள் பூங்காவில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். வெயில் நம் ஊர் வெயிலேதான். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்தான் பாக்கி. தம்பியின் கைத்தொலைபேசி ஒலித்தது. அறையில் நாய் விடாமல் குரைக்கிறதாம். அழைத்தால் அரைமணி நேரத்துக்குள் திரும்பவேண்டும் என்பது அங்கே விதி. பக்கத்து அறைக்காரர் தூங்கவேண்டுமல்லவா? நியாயமான விதிதான். மருமகள் முகம் வாடியது. தம்பி, "நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான்.

அந்த ஓட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

1994-இல் எங்கள் தோட்டம் கைமாறியது. வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று சொல்லி லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தது நான்காவது மாடியில் ஒரு வீடு. நாய் வளர்க்க அனுமதியில்லை. லாரியில் சாமான் ஏற்றிய அன்று எங்கள் மணியோடு சேர்த்து ஏழெட்டு நாய்கள் வாசலில் நின்றன. லாரி நகர்ந்ததும் மணி செம்மண் சாலையில் பின்னாலேயே வந்தது. ஒன்பது வயதுத் தம்பி குதித்து இறங்கி அதை நோக்கி ஓடினான். அப்பா பிடித்திழுத்து மறுபடி ஏற்றினார். பிரட்டுக் களம் வரை அது வந்தது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவிடவில்லை.

அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். அவர் என்ன செய்திருக்க முடியும்?

நாங்கள் ராட்டினத்தில் ஏறி இறங்கி அறைக்குத் திரும்பியபோது மாலையாகிவிட்டது. தம்பி தரையில், அந்த நாய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நாய் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு ராத்திரி கூடத் தங்கலாமாக்கா?" என்றான்.

"சரி, தங்கலாம்" என்றேன். அந்த ஓர் இரவுக்கான 50 டாலரை நான்தான் கொடுத்தேன்.