ஐஸ் வைத்த வீட்டில் ஜன்னல் வைத்தார்கள்!

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நித்தியக் கடமை உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? காந்தி சிலை, உழைப்பாளர் சிலை, ஒரு பொட்டலம் சுண்டல், அலையில் கால் நனைத்தல், புடவைக் கரையெல்லாம் மணல். அவ்வளவுதான், கடமை முடிந்தது!

அடுத்த முறை போகும்போது, சகோதரிகளே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். சாலைக்கு அந்தப் பக்கம், முகப்பு வட்டமாக வளைந்த ஒரு பழைய கட்டடம் தெரியும். பெயர்ப் பலகையில் 'விவேகானந்தர் இல்லம்' என்றிருக்கும். பஸ் கண்டக்டரைக் கேட்டுப் பாருங்கள். 'ஐஸ் அவுஸ்' என்பார். அந்த வட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான்.

ஐஸுக்கு ஒரு மாளிகையா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து ஏரி குளங்களெல்லாம் உறைந்து போகும். கிடக்கிற தண்ணீரை வெட்டி விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. 180 டன் ஏற்றியதில் வழியில் உருகியது போகச் சுமார் 100 டன் மிஞ்சியதாம். நாலு மாதப் பிரயாணம், அதுவும் பூமத்திய ரேகையைத் தாண்டி! நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மின்சாரம் நாலு மணி நேரம் நின்றால் என்ன ஆகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரக்கை வைப்பதற்காகச் சென்னையில் 1842-ஐ ஒட்டி எழும்பியதுதான் இந்தக் கிடங்கு. அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும். மசூலாப் படகில் இறக்கி அலையைக் கடந்து வருவார்கள். கடலும் இத்தனை தூரத்தில் இல்லை. துறைமுகம் கட்டிய பிறகுதான் மணல் சேர்ந்து சேர்ந்து கரை விரிந்தது. அந்தக் கரையில் உலாவும் பாதை அமைத்து, 1884-ல் மெரினா என்று பெயர் சூட்டியவர் கவர்னர் கிராண்ட் டப்.

ஐஸ் யாருக்குக் கிடைத்தது என்று கேட்க வேண்டாம். துரைமார் பானத்துக்கும், ஜுரக்காரர் தலைக்கும்! 1870-களில் யந்திரத்திலேயே ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் டூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்துவிட்டது.

பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை விலைக்கு வாங்கினார். ஐஸுக்கு ஏற்ற வீடு மனிதருக்கு ஏற்குமா? வெளிச்சமும் காற்றும் புகாமல் இருப்பதல்லவா கிடங்கின் பெருமை? சுற்றிலும் தாழ்வாரம் எடுத்து, சுவரைத் திறந்து ஜன்னல்கள் வைத்தார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கேதான் தங்கினார். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதற்குப் பின்னால் வருகிற கதைதான் முக்கியம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் பெண் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். கல்யாணம் என்றால் என்னவென்று புரிவதற்கு முன்பே தாலி அறுத்தவர்கள். அழைத்து வந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-ல் பிறந்தவர், பதினோரு வயதில் அவருக்கும் அதே கதி. ஆனால் பெற்றோர் அவரை மூலையில் உட்கார்த்தவில்லை, படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். மறு வருஷம் எழும்பூரில் தம் பெற்றோர் வீட்டில் நாலு பெண்களுடன் ஆரம்பித்த இல்லம், பெருகிப் பெருகிக் கடற்கரைக்கு வந்தது. பிராமணப் பெண்களுக்கு மட்டுமே அங்கு இடம் என்பதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். மற்ற வீடுகளிலும் கண்ணீர் இருந்ததே!

முசரவாக்கத்திலிருந்து வந்த என் அத்தையை சென்ற மாதம் அங்கே அழைத்துப் போனேன்.

"ஏண்டி, இதுக்குள்ளேயா ஐஸ் வச்சிருந்தா?" என்று சிரித்துக்கொண்டே படி ஏறினாள். மாடியில் இந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தையின் பாட்டிக்கு ஒரு தங்கை. ஒன்பது வயதில் கைம்பெண். சாகும் மட்டும் முசரவாக்கத்து வீட்டில் இரண்டாங்கட்டுதான் அவளுக்கு உலகம். கூப்பிடு தூரத்தில் காஞ்சிபுரம். தறிக்குத் தறி பட்டு. அவள் உடம்பில் கடைசி வரை நார்மடிதான்.

"பட்டணம் என்ன, எழுபது எண்பது கிலோ மீட்டர்தானே?" என்றாள் அத்தை. "யாராவது ஒருத்தர் வண்டி கட்டிக் கொண்டுவந்து விட்டிருக்கப்படாதோ?"

நான் பதில் பேசவில்லை. என்ன சொல்வது, சொல்லுங்கள்? வீட்டில் யாரும் கொடியவர்கள் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவர்கள், அவ்வளவுதான். இங்கே வந்த பெண்களின் வீட்டாருக்கும் அதே ஊர்தான், அதே பயம்தான் இருந்திருக்கும். ஆனாலும் யாரோ ஒரு தகப்பனார், யாரோ ஓர் அண்ணா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார்.

வந்தவர்கள் படித்தார்கள், பலர் உபாத்தியாயினிகள் ஆனார்கள். 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அதன் முதல் தலைவி சகோதரி சுப்புலட்சுமியே. 1958-ல் பத்மஸ்ரீ விருது, 1969-ல் காலமானார்.

கட்டடத்துக்கு 1963-ல் இப்போதைய பெயர் வைத்தார்கள். 1997 முதல் ராமகிருஷ்ண மடத்தின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே சுவாமிஜியின் வாழ்க்கையைக் காட்டும் கண்காட்சி. மில்லோ கிடங்கோ மூடிவிட்டால் இடித்துத் தள்ளுவதே வழக்கமாகிவிட்ட ஊரில், இது நிற்பதே பெரிது. போகிறவர்கள் கண்காட்சியுடன் திரும்பிவிடாமல், கடலைப் பார்த்த ஜன்னல் பக்கமும் சற்று நில்லுங்கள். காற்று நன்றாக வருகிறது.