ஏட்ரியாடிக் கடலில் அம்மாவும் மகளும்

"பதிமூணு மாசக் குழந்தையை விட்டுட்டு, பெத்தவ ஒரு வாரம் கப்பல்ல ஊர் சுத்தறதா? நல்லா இருக்கே கூத்து!"

மாப்பிள்ளை டிக்கெட்டை நீட்டியபோது நான் சொன்னது இதுதான். இதைப் படிக்கும் சகோதரிகளில் பாதிப் பேராவது இதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

என் மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்காகச் சேலத்திலிருந்து போய், விசா அனுமதித்த மூன்று மாதமும் கூட இருந்துவிட்டுத் திரும்பினேன். அதற்கப்புறம்தான் அவளுக்கு மனசு சரியில்லாமல் போனது. தூக்கமில்லை, பசியில்லை, காரணமில்லாத அழுகை. டாக்டர் பார்த்து, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று சொல்லி வைத்தியம் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். பேரனுக்கு ஒரு வயது முடிந்ததும் நான் மறுபடி போனேன்.

"அத்தை, நான் லீவு போட்டிருக்கேன். பையனை நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. டாக்டரும் நல்லதுன்னுதான் சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பெட்டியைக் கட்டினேன்.

ராஜாவின் காய்கறித் தோட்டம்

மியூனிக்கிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் குரோஷியா நாட்டின் ஸ்ப்ளிட் நகரம் வந்துவிடுகிறது. இத்தாலிக்கு எதிர்க்கரை. நடுவில் இருப்பதுதான் ஏட்ரியாடிக் கடல், மத்தியதரைக் கடலின் ஒரு கை.

கப்பல் என்றதும் ஆயிரம் பேர் ஏறும் மாளிகையை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது சின்னக் கப்பல். மொத்தமே முப்பத்தாறு பயணிகள். கட்டிலும் குளியலறையும் கொண்ட குட்டி அறை. பகலில் ஓடும், மதியம் ஏதாவது ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டு, நீந்துகிறவர்களை இறக்கிவிடும், இரவில் ஒரு துறைமுகத்தில் கட்டி நிற்கும். பெரிய கப்பல்கள் நுழைய முடியாத துறைகளுக்குள் இது சுலபமாகப் போகும்.

ஸ்ப்ளிட்டின் பழைய நகரமே ஓர் அரண்மனைக்குள் இருக்கிறது! ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் இந்தப் பக்கத்துக்காரர். கி.பி. 284 முதல் 305 வரை ஆண்டவர், தாமாகவே பதவியைத் துறந்து, தமக்காகக் கட்டிய இந்த மாளிகைக்கு வந்துவிட்டார். திரும்பி வந்து ஆளும்படி வேண்டியவர்களிடம், தாம் நட்டு வளர்த்த காய்கறிகளைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று சொன்னதாகப் பழைய நூல் ஒன்று குறிப்பிடுகிறது. கொல்லையில் அவரைப் பந்தல் போட்டவர்களுக்கு அந்த மனசு புரியும்!

அவருக்குப் பின் பல நூற்றாண்டு கழித்து ஊர் மக்கள் கோட்டைக்குள் குடியேறினார்கள். இன்றைக்கும் ரோமானியத் தூண்களுக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொடி, கொடியில் குழந்தைத் துணி காய்கிறது. அதைப் பார்த்ததும் மகள் கண் கலங்கினாள். "பார்த்தியா, அதுக்குள்ள ஏக்கம். இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றேன். அவள் பதில் பேசவில்லை.

கற்றாழை நாரில் ஒரு கனவு

பிராச் தீவைத் தொட்டு, ஹ்வார் தீவுக்குப் போனோம். இந்தத் தீவில் கி.மு. 384-ல் கிரேக்கர்கள் வந்து ஓர் ஊர் அமைத்தார்கள். அவர்கள் பங்கு பிரித்த வயல்களின் கல் வரப்புகள் இன்னும் இருக்கின்றன. திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. அந்தச் சமவெளியை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லாவெண்டருக்குப் பேர்போன தீவு இது. நாங்கள் போன செப்டம்பரில் பூ முடிந்துவிட்டாலும், காய்ந்த பூ அடைத்த சின்னத் துணிப்பைகள் கடை கடையாகத் தொங்கின. பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைக்கலாம்.

என்னை அசத்தியது வேறொன்று. ஹ்வார் நகரில் பெனடிக்டின் கன்னியாஸ்திரீகளின் மடம் இருக்கிறது. நம்மூரில் ரயில் பாதையோரம், வேலியோரம் நிற்குமே ஆனைக்கற்றாழை, அந்த இலையிலிருந்து மெல்லிய நூலை உருவி எடுத்து, இவர்கள் லேஸ் பின்னுகிறார்கள். ஊரில் வேறு யாரும் செய்வதில்லை. 2009-ல் குரோஷியாவின் லேஸ் கலையை யுனெஸ்கோ அங்கீகரித்தபோது இதுவும் அதில் அடக்கம். கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிலந்தி வலை வேலையைப் பார்த்தபோது, நாம் நாரைத் திரித்துக் கயிறு மட்டும்தானே செய்தோம் என்று தோன்றியது.

காற்றைத் தெரிந்து கட்டிய ஊர்

அடுத்தது கொர்ச்சுலா. மேலேயிருந்து பார்த்தால் ஊர் மீன் முள் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு தெரு. இரண்டு பக்கமும் சந்துகள். மேற்குச் சந்துகள் நேராக இருக்கின்றன, கோடையின் இதமான காற்று உள்ளே வருவதற்கு. கிழக்குச் சந்துகளை வளைத்திருக்கிறார்கள், 'பூரா' என்ற குளிர்காற்று நேரே அடிக்காமலிருக்க.

மார்க்கோ போலோ எங்கள் ஊர்க்காரர் என்கிறார்கள் கொர்ச்சுலாக்காரர்கள். வெனிஸ்தான் அவர் ஊர் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் கருத்து. ஆனால் 1298-ல் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் பெரிய கடற்போர் நடந்தது இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான். ஜெனோவாவின் சிறையில் இருந்தபோது மார்க்கோ போலோ சொல்லச் சொல்ல, உடனிருந்த கைதி எழுதியதே அந்தப் பயண நூல். அதில் நம் பாண்டிய நாட்டுக் கரையும், முத்துக் குளிப்பும், காயல் துறைமுகமும் வருகின்றன. எங்கேயோ இருக்கும் கல் தெருவில் நம்ம ஊர்க் காயலின் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை கப்பல் கிளம்பவில்லை. பூரா பிடித்துக்கொண்டது. "கடலோட சண்டை போடக்கூடாது, ஒதுங்கி நிக்கணும்" என்ற மாதிரி கையை விரித்தார் கேப்டன். ஒரு முழு நாள் சும்மா இருந்தோம். மகள் மதியம் படுத்தவள், நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு இவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அதற்கடுத்த நாள் ம்லியெட் தீவு. பைன் காட்டுக்கு நடுவே இரண்டு உப்பு நீர் ஏரிகள். ஏரிக்குள் ஒரு தீவு. அதில் பழைய மடம். 1960-லிருந்து தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் இங்கே விரியன் பாம்புத் தொல்லை தாங்கவில்லையாம். 1910-ல் கீரிப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சாட்சாத் இந்தியக் கீரி இனம்! பாம்பை ஒழித்தன. பிறகு பறவைகளையும் கோழிகளையும் பிடிக்க ஆரம்பித்துவிட்டன. ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தால் இன்னொன்று முளைக்கும் கதைதான்.

சுவரில் ஒரு சுழல் தொட்டில்

கடைசி ஊர் துப்ரோவ்னிக். 1,940 மீட்டர் நீளக் கோட்டைச் சுவர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். மேலே நடந்து சுற்றினால் கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள். பளிச்சென்ற ஓடுகள் பெரும்பாலும் 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த பிறகு புதிதாய்ப் போட்டவை, மங்கியவை பழசு.

உடல்நலப் பக்கங்களை விரும்பிப் படிக்கும் நமக்கு இந்த ஊர் ஒரு புண்ணியத் தலம். பிரான்சிஸ்கன் மடத்தில் 1317-ல் ஆரம்பித்த மருந்துக்கடை இன்னும் நடக்கிறது. பழைய முறைப்படி செய்த முகப்பூச்சு வாங்கினேன். கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஊருக்கு வெளியே முப்பது நாள் தங்க வேண்டுமென்று 1377-ல் இந்த நகரம் சட்டம் போட்டது. பிறகு அது நாற்பது நாளானது. நாற்பதுக்கு இத்தாலியச் சொல் குவாரன்டா. அதிலிருந்து வந்ததுதான் 2020-ல் நாமெல்லாம் படாதபாடு பட்டோமே, அந்தக் குவாரன்டைன்!

ஊர் வாசலுக்குள் நுழைந்ததும் பெரிய நீரூற்று. அதன் எதிரே புனித கிளாரா கன்னிமாடம் இருந்த இடம். 1432-ல் இந்த நகரம் இங்கே கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கியது. ஐரோப்பாவின் மிகப் பழைய இல்லங்களில் ஒன்று. வழிகாட்டிப் பெண் விளக்கினாள்: சுவரில் ஒரு சுழல் தொட்டில் இருக்கும், தாய் வெளியேயிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் அது உள்ளே போய்விடும், யார் வைத்தது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது, பாலூட்டப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள்.

எனக்குச் சேலம் ஞாபகம் வந்தது. 1992-ல் தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் எங்கள் மாவட்டத்தில்தானே தொடங்கியது! "எப்படித்தான் மனசு வருமோ பெத்தவளுக்கு" என்று என்னையறியாமல் முணுமுணுத்தேன்.

மகள் நீரூற்றுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, போன மார்ச்சுல ஒரு நாள், இவனைத் தொட்டில்ல போட்டுட்டு எங்கயாவது போயிடலாம்னு இருந்துச்சு. செருப்பு மாட்டிட்டு வாசல் வரைக்கும் போய்ட்டேன். அவன் அழுத சத்தம் கேட்டுத் திரும்பி வந்தேன். அன்னிக்குத்தான் அவர்கிட்ட சொல்லி டாக்டர்கிட்ட போனோம்."

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னேனேம்மா. முடியலம்மான்னு ஃபோன்ல எத்தனை தடவை சொன்னேன். எல்லாரும் பெத்துக்கலையா, நாங்க வளர்க்கலையான்னு நீதான் சொன்ன."

சொன்னேன்தான். ஒரு தடவையல்ல, பல தடவை.

சகோதரிகளே, நாம் வளர்த்தோம் என்பது நிஜம்தான். ஆனால் தனியாகவா வளர்த்தோம்? இவள் பிறந்தபோது மூன்று மாதம் என் அம்மா வீட்டில் இருந்தேன். குளிப்பாட்ட அம்மா, பத்தியம் வைக்கப் பெரியம்மா, ராத்திரி தோளில் போட்டுக்கொள்ளச் சித்தி. புகுந்த வீட்டிலும் ஆள் இருந்தது. நான் முடியலை என்று சொல்வதற்கு முன்பே யாராவது குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். இவளுக்கு நாலு சுவரும் ஒரு ஃபோனும்தான். அந்த ஃபோனில் இருந்த நானும் வாயை அடைத்துவிட்டேன்.

"தப்புதாண்டி கண்ணு" என்றேன். பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

2023 ஜனவரி முதல் குரோஷியாவில் யூரோ நாணயம்தான். ஷெங்கன் விசாவே போதும். ஜூன், செப்டம்பர் மாதங்களில் வெயிலும் கூட்டமும் கொஞ்சம் குறைவு. கப்பல் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலிக்காரர்கள் கவனம். கடற்கரை பெரும்பாலும் கூழாங்கல், முள்ளெலி மாதிரி கடல் முள்ளிகளும் உண்டு; ரப்பர் செருப்பு அவசியம். தலைசுற்றலுக்கு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். மீனுக்குக்கூட உப்பும் ஆலிவ் எண்ணெயும்தான். பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துப் போனால் தேவாமிர்தம்!

அங்கே 'பிளித்வா' என்று ஒரு கீரைக்கறி செய்கிறார்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து, கீரையையும் சேர்த்து வேகவிட்டு வடித்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டு வதக்கிப் பிரட்டி, உப்புப் போட்டு இறக்குகிறார்கள். நம் பாலக்கீரையில் செய்து பார்த்தேன், சப்பாத்திக்குப் பிரமாதம்.

இன்னொரு குறிப்பும் உண்டு. பிரசவமான புதிதில் அழுகை வருவது பலருக்கும் சகஜம். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தை மேலோ தன் மேலோ வெறுப்பு வந்தாலோ, அது திமிருமல்ல, சோம்பலுமல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டிய வியாதி. காட்டினால் குணமாகும்.

மியூனிக் விமான நிலையத்தில் பேரன் அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி அப்பா தோளில் புதைத்துக்கொண்டான். கோபமாம்! ஒரு நிமிஷம்தான். பிறகு தாவி வந்து அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் சேலம் திரும்பிப் பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது. "இன்னிக்கு முடியலம்மா" என்றாள். "சொல்லு கண்ணு, கேட்டுட்டிருக்கேன்" என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.