என் உயரத்துக்கு ஒரு வண்டி

கார் வாங்கப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அவளிடம் முதலில் கேட்பது "என்ன கலர்?" என்றுதான். ஆணிடம் மைலேஜ் கேட்பார்கள், எஞ்சின் கேட்பார்கள், எத்தனை ஸ்டார் என்று கேட்பார்கள். 2024இல் இரண்டு மாதங்கள் ஷோரூம்களிலும் பழைய கார் கடைகளிலும் ஏறி இறங்கினேன். எத்தனை பேர் என்னிடம் கலர் கேட்டார்கள் என்பதை எண்ணி, பதினேழில் நிறுத்திக்கொண்டேன்.

என்னைப் பற்றி நாலு விவரம். வயது 47. குடியிருப்பது போளூரில். வேலை ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில். உயரம் 151 சென்டிமீட்டர். வீட்டில் 74 வயது அம்மா, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். ஒரு வண்டி நல்லதா கெட்டதா என்பதை இந்த விவரங்களை வைத்துத்தான் நான் முடிவுசெய்ய முடியும். பத்திரிகைகளில் வரும் கார் விமர்சனம் எதிலும் இவை இருக்கவில்லை. "ரோட்டில் கம்பீரமாக நிற்கிறது" என்று எழுதியிருந்தார்கள். கம்பீரமாக நிற்கும் வண்டியில் என் அம்மா ஏற முடியுமா என்று யாரும் எழுதவில்லை.

கார் வாங்குவதைப் பெண் விடுதலை என்று சொல்ல எனக்கும் கூச்சம்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது திறந்துவிட்ட கதவுகள் எந்தக் காரும் திறந்துவிடக் கூடியவை அல்ல. ஆனால் என் பள்ளி மணியும் மலைப் பேருந்தும் ஒத்துப்போவதில்லை. பதினோரு வருடம் ஸ்கூட்டரில் போனேன். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து கிடக்கும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டும். சேமிப்பும் சங்கக் கடனும் சேர்த்து ஏழு லட்சம் திரட்ட முடிந்தபோது தேட ஆரம்பித்தேன்.

காம்பாக்ட் எஸ்.யு.வி. என்று விற்கிறார்களே, அது என்ன? பொலிரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளுக்குக் கீழே லாரிக்கு இருப்பது போலத் தனி இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் உட்காரும். கிராஸ்ஓவர் என்பதற்கு அந்தச் சட்டம் கிடையாது. சாதாரணக் காரைப் போல ஒரே கூடு, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்கப்பட்டது. ஜீப்பின் உயரம், காரின் உடம்பு. நீளம் மட்டும் ஏன் எல்லாவற்றுக்கும் நாலு மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கிறது என்றால், அது வரிக்கணக்கு. நாலு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள்ளும் டீசல் 1500 சி.சி.க்குள்ளும் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 18 விழுக்காடு. அதைவிடப் பெரிய வண்டிகளுக்கு 40. புதிது வாங்குபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

அந்தக் கொஞ்சம் உயரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. தாழ்ந்த சின்னக் காரில் அம்மா உட்காரும்போது கடைசி அரை அடி விழுவார்; எழும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். ஸ்கார்பியோவில் புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டுதான் கால் வைக்க முடியும். கிராஸ்ஓவரின் இருக்கை ஏறக்குறைய அம்மாவின் இடுப்பு உயரம். பின்புறத்தை வைத்து உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். விளம்பரத்தில் இந்த வண்டியை ஒரு ஆண் பாலைவனத்தில் ஓட்டுகிறார். அதன் உண்மையான பயன் முழங்கால் தேய்ந்த பெண்களுக்கு.

முதல் ஷோரூமுக்கு அண்ணன் துணைக்கு வந்தார். விற்பனையாளர் அரைமணி நேரம் அண்ணனைப் பார்த்தே பேசினார். "மேடம் ஓட்டறதுக்கு ஈஸியா இருக்கும் சார்." என் அண்ணனுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவரே பாவம், "பாப்பாதான் வாங்குது, அதுகிட்ட சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு தலையணையும் பவுடர் பூசும் கண்ணாடியும் காட்டினார்கள். அடுத்த கடையிலிருந்து நான் தனியாகப் போனேன். கூடவே ஒரு அடி ஸ்கேல், டார்ச், தினமும் போடும் செருப்பு.

ஸ்கேல் எதற்கு? ஏர்பேக் ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து வெடித்து விரிகிறது. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. குள்ளமானவர்கள் கிளட்ச் எட்டுவதற்காக இருக்கையை முன்னே தள்ளுவோம். அந்த இடைவெளி போய்விடும். எனவே இருக்கையை உயர்த்த முடிகிறதா, ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகு சாய்வில் ஒட்டியபடியே கிளட்சைக் கடைசிவரை மிதிக்க முடிய வேண்டும். சீட் பெல்ட் தோளின் நடுவில் ஓட வேண்டும், கழுத்தை அறுக்கக் கூடாது. பெல்ட் தொங்கும் கொக்கியை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா பாருங்கள். முன்கண்ணாடியின் ஓரத் தூண் வளைவில் எதிரே வருபவரை மறைக்கிறதா பாருங்கள். என் உயரத்துக்கு ஒரு வண்டியின் தூண், ஒரு முழு பைக்கை மறைத்தது.

பிறகு டிக்கி. மேலே தூக்கித் திறக்கும் கதவை நான் திறந்துவிட்டேன், மூடத்தான் எட்டவில்லை. விற்பனையாளர் ஓடிவந்து மூடினார். "பழகிடும் மேடம்." என் கை நீளுமா என்று கேட்டேன்.

ஸ்டார் கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்-கேப்பில் 5 ஸ்டார் வாங்கிய முதல் இந்தியக் கார் ஆனது. 2023 அக்டோபரிலிருந்து நமக்கே பாரத் என்-கேப் இருக்கிறது. நல்ல விஷயம், ஸ்டார் பார்க்காமல் வண்டி வாங்காதீர்கள். ஆனால் முன்மோதல் சோதனையில் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவது யார் தெரியுமா? ஏறக்குறைய 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை கொண்ட ஆண் பொம்மை. பெண் பொம்மை என்று உலகத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டது 152 சென்டிமீட்டர் கொண்டது. அமெரிக்கப் பெண்களில் மிகச் சிறியவர்களின் அளவு அது. அமெரிக்காவின் ஸ்டாருக்கான முன்மோதல் சோதனையில் அந்தப் பொம்மையை உட்கார வைத்ததும் பக்கத்து இருக்கையில்தான். இந்தியப் பெண்ணின் சராசரி உயரமே கிட்டத்தட்ட 152. அவர்கள் கணக்கில் ஓரத்தில் நிற்பவள், நம் ஊர்க் கணக்கில் நடுவில் நிற்பவள்.

இது வெறும் மனவருத்தம் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், முன்மோதல் விபத்துகளில் பெல்ட் அணிந்த பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு, அதே நிலையில் இருக்கும் ஆணைவிட 73 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பொறியாளரின் குழு சராசரிப் பெண்ணுடலின் அளவில் ஒரு மோதல் பொம்மையைச் செய்து காட்டியது 2022இல்தான். நூறு ஆண்டுக்கு மேலாகக் கார் ஓடுகிறது.

நம் சட்டத்திலும் ஒரு வரிசை உண்டு. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கு அது கட்டாயமானது 2021இல். நம் வீடுகளில் ஓட்டுநர் இருக்கையில் யார், பக்கத்து இருக்கையில் மடியில் பிள்ளையோடு யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய வண்டி வாங்குபவர்கள் இதை ஒரு கருவியாகவே வைத்துக்கொள்ளலாம்: 2021க்கு முந்தைய வண்டியின் ஆரம்ப வகையில் ஒரே ஏர்பேக்தான் இருக்கக்கூடும். "ஏர்பேக் இருக்கு" என்றால் எத்தனை, எங்கே என்று கேளுங்கள். புதிது வாங்கினால் இந்தக் கவலை குறைவு. ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லாக் கார்களுக்கும் 6 ஏர்பேக் கொடுத்துவிட்டது. அப்போது ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாரான வென்யூ அதில் ஒன்று. எனக்குப் பிடித்திருந்தது. சாலைக்கு வரும்போது 11 லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது ஏழு.

ஆகவே பழைய வண்டி. ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இந்தியாவுக்கு 2013இல் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் செய்தார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. தொழிலாளர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. சந்தையிலோ பழைய ஈகோஸ்போர்ட்டின் விலை இறங்கியது. தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரம், மலைப்பாதைக்குப் போதும். ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் நகர்கிறது. ஸ்டெப்னி வெளியே பின்கதவில் தொங்குகிறது; அந்தக் கதவு வீட்டுக் கதவைப் போலப் பக்கவாட்டில் திறக்கிறது. சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்க இடம் இருக்காது என்று விமர்சகர்கள் அதைக் குறையாக எழுதுவார்கள். எனக்கு அது எட்டுகிற கதவு. எதிர்ப்பக்கத்தையும் எழுதிவைத்துக்கொண்டேன்: புது வண்டிகள் வருவதில்லை, எனவே பழுது பார்க்கும் இடம் தூரம், சில உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும், திரும்ப விற்கும்போது விலை கிடைக்காது. பத்து வருடம் ஓட்டப் போகிறவளுக்குக் கடைசிக் குறை ஒரு குறையே அல்ல.

பழைய கார் சந்தையில் ஒரு வேடிக்கை உண்டு. ரோட்டில் ஒரு கார் தடுமாறினால் "லேடீஸா இருக்கும்" என்பார்கள். அதே வாய் விற்கும்போது, "லேடீஸ் ஓட்டின வண்டி, பத்திரமா வச்சிருந்தாங்க" என்று இருபதாயிரம் கூட்டிச் சொல்லும். நான் யார் ஓட்டினார்கள் என்று கேட்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். சென்னை 2015இலும் 2023இலும் மூழ்கியது, வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவுபவர்கள் பெல்ட்டின் உள்சுருளைக் கழுவ மறப்பார்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பானெட் திருகாணியில் பெயின்ட் உடைந்திருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மூன்றாவதாகப் பார்த்த 2019 வண்டி, 6 ஏர்பேக் உள்ள உயர் வகை, 6 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் படிந்தது. 1500 சி.சி. பெட்ரோல் என்பதால் வரிச் சலுகைக்குள் வராத வண்டி. அந்தக் கணக்கு முதல் உரிமையாளரோடு முடிந்துபோனது.

காகிதம் பார்க்கும்போது புரோக்கர், "ஆர்.சி. யார் பேர்ல மேடம், சார் பேர்லயா?" என்றார். இந்தக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை கார் மதிப்பீட்டின் மையம்.

2011இல் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. கடன் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் என் பெயரில், என் சம்பளத்தில் பிடித்தம், 60 தவணை. ஆர்.சி. அன்றைய கணவர் பெயரில். "ஆம்பள பேர்ல இருந்தா எங்கயும் மடக்கமாட்டாங்க" என்றார் மாமனார். நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. 2016இல் கடைசித் தவணை முடிந்து நான்கு மாதம் கழித்து அந்த வீட்டைவிட்டு வந்தேன். கார் அங்கேயே நின்றது. பிடித்தச் சீட்டு அறுபதும் என்னிடம் இருந்தன. வழக்கறிஞர் பார்த்துவிட்டு, வாதாடலாம், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். எனக்கு ஸ்கூட்டர் இருந்தது.

பணம் கட்டுபவளின் பெயர், ஓட்டுபவளின் பெயர், காகிதத்தில் இருக்கும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கும் தோழிகள் படிவங்களின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30. வெளி எல்லையிலிருந்து வந்தால் தடையின்மைக்கு 28. முந்தைய உரிமையாளரின் வங்கிக் கடன் ஆர்.சி.யில் இருந்தால் அதை நீக்க 35. பணம் முழுதும் கைமாறுவதற்குள் இவற்றில் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 2021இல் வந்த விதிப்படி ஆர்.சி.யில் நாமினி பெயரும் சேர்க்கலாம். அந்தப் பெயரையும் நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஸ்மார்ட் கார்டாக ஆர்.சி. தபாலில் வந்தபோது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். "உங்கப்பா பேரும் போட்டிருக்கு" என்றார். ஆமாம், இன்னார் மகள் என்று கேட்கிறார்கள். அம்மாவின் பெயருக்கு அந்த அட்டையில் இடம் இல்லை. நாமினி என்ற இடத்தில்தான் அவரை எழுத முடிந்தது.

வண்டி மலை ஏறுகிறது. இரண்டாவது கியரில் வளைவுக்கு முன் கொஞ்சம் முனகும். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிறார். பத்து வருடம் கழித்து இதையும் ஒருநாள் விற்பேன். அப்போது படிவம் 29இல் விற்பவர் கையெழுத்து என்ற இடத்தில் நான்தான் போட வேண்டும். அது இல்லாமல் இந்த வண்டி வேறு யார் பேருக்கும் போகாது.