இடைவெளியில் காற்று

மடிக்கணினி சூடாகிறது என்று போய் நிற்பவர்களுக்குக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, அடியில் வைத்துக்கொள்ளும் விசிறிப் பலகை. மற்றது, புதிய மடிக்கணினி. இவ்விரண்டுக்கும் நடுவே, ஓர் அரிசியளவு பசையில் முடிந்துவிடக்கூடிய மூன்றாவது பதில் ஒன்று உண்டு. எட்டு, பத்து ஆண்டுப் பழைய கருவிகளில் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காவது அதைச் சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது.

ப்ராசஸர் என்பது விரல்நகத்தை ஒத்த அளவுள்ள சிலிக்கான் சில்லு. அதில் பிறக்கும் வெப்பத்தை மேலே அழுந்தியிருக்கும் செப்புத் தகடு வாங்கிக்கொள்கிறது. தகட்டோடு இணைந்த ஹீட் பைப் அதைக் கருவியின் ஓரத்துக்குக் கொண்டுசெல்ல, அங்கே மெல்லிய உலோக இதழ்களின் ஊடே விசிறி காற்றை ஊதி வெளியே தள்ளுகிறது. ஹீட் பைப்பை வெறும் செப்புப் பட்டை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது, காற்றை அகற்றிச் சிறிதளவு நீரை விட்டு மூடப்பட்ட குழாய். சூடான முனையில் நீர் ஆவியாகும். குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் உட்சுவரின் நுண்துளைகள் அதை மறுபடி சூடான முனைக்கு இழுத்துவரும். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் க்ரோவர் இதன்மேல் உழைத்தது விண்வெளிக்கான அணுமின் கருவிகளுக்காக.

இத்தனை நுட்பமும் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. சில்லும் தகடும் சந்திக்கும் இடம் அது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் அவ்விரு பரப்புகளும் நுண்ணோக்கியில் மேடு பள்ளங்கள்தாம். மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. பள்ளங்களில் காற்று நிற்கிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் அதற்குரிய அலகில் ஏறக்குறைய 400. காற்றினுடையது 0.026. பதினையாயிரம் மடங்கு வேறுபாடு! நல்ல தெர்மல் பேஸ்ட்டின் எண்கூடப் பெரும்பாலும் பத்தையொட்டியே நிற்கிறது. ஆக, செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட் மிக மோசமான கடத்தி. காற்றோடு ஒப்பிடும்போதுதான் அது உயர்ந்தது. பள்ளத்திலுள்ள காற்றை விரட்டுவதும், மேடுகள் தொடுமிடத்தில் வழிவிடுவதுமே அதன் வேலை. தாராளமாக அப்பினால் குளிர்ச்சி கூடும் என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது; தடித்த பூச்சு தானே ஒரு தடையாகிவிடும். (பற்பசையும் உதவும் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் நாள் உதவவும் செய்யும். அதிலுள்ள நீர் காய்ந்ததும் சுண்ணாம்புப் பொருக்குதான் மிஞ்சும்.)

நாள்பட்ட பேஸ்ட் இரண்டு விதமாகக் கெடுகிறது. அதிலுள்ள எண்ணெய் பிரிந்து உலர்கிறது. சூடேறும்போதும் ஆறும்போதும் சில்லும் தகடும் விரிந்து சுருங்குவதால், சிறிது சிறிதாக ஓரங்களுக்குத் தள்ளப்பட்டும் விடுகிறது. விட்ட இடத்தில் காற்று வந்து குடியேறுகிறது.

நான் இவற்றையெல்லாம் தேடிப் படித்தது என் பள்ளித் தமிழாசிரியரின் பொருட்டு. ஓய்வுபெற்ற நாள்முதல் உழவுத்தொழிற் சொற்களைத் தொகுத்துவருகிறார். எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய ஓர் எழுத்துருவில், தட்டச்சுப்பொறி முறையில், பழைய மடிக்கணினி ஒன்றில் இருக்கின்றன. அது பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் நிலைக்கு வந்தபோது, பழுதுபார்க்கும் கடை ஒன்றில் மதர்போர்டு போய்விட்டது என்றார்களாம். கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். "கோப்பு வந்துடும் தம்பி. வேற மெஷின்ல எனக்குக் கை ஓடாதே" என்றார். எழுபத்தாறு வயது. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

தானாக அணைவது பல சமயம் சாவின் அறிகுறி அல்ல, தற்காப்பு. பெரும்பாலான மடிக்கணினி ப்ராசஸர்களுக்கு நூறு டிகிரியை ஒட்டி ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அதை நெருங்கும்போது அவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். ஐயாவின் கணினி அணையும் முன்பு 98 காட்டியது. சந்தேகம் தீர்ந்தது.

பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி இணைப்பை விடுவித்தேன். விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் நடுவே தூசு கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. தகட்டைத் தூக்கினால் பேஸ்ட் காய்ந்த களிமண்ணாக உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுக்கச் சில நிமிடங்களே ஆயின. நேரத்தைத் தின்றவை தெர்மல் பேடுகள்தாம்.

கிராஃபிக்ஸ் சில்லைச் சுற்றியுள்ள நினைவகச் சில்லுகள் உயரம் குறைந்தவை. அவற்றுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்ப முடியாது. ரப்பர்போல் மெத்தென்றிருக்கும் பேடுதான் வேண்டும். அரை மில்லிமீட்டர், ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று விற்கிறார்கள். மெலிதாக இருந்தால் தொடாது. தடிமனாக இருந்தால் அதைவிடத் தொல்லை: தகட்டையே தூக்கிப்பிடித்து, ப்ராசஸரின் மேல் காற்றுக்கு இடம் கொடுத்துவிடும். விலையுயர்ந்த பேடு போட்ட பின்பு சூடு கூடிவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய பேடை அளந்தாலும் அழுந்திய அளவே கிடைக்கும். ஆகவே ரிச்சி தெருவில் இரண்டு தடிமன்களை வாங்கிவந்து, ஒன்றை வைத்துத் திருகிப் பூட்டி, மறுபடி கழற்றிப் பதிவைப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் பேடில் சில்லின் சதுரம் தெளிவாகப் பதிந்திருந்தது; ப்ராசஸரின் மேல் பேஸ்ட்டும் மூலைவரை பரவியிருந்தது. அதுதான் சான்று. துடைத்துப் புதிதாக இட்டு, திருகாணிகளைத் தகட்டில் அச்சிட்ட எண் வரிசைப்படி, ஒரேயடியாக இறுக்காமல் சுற்றிச் சுற்றி இறுக்கினேன்.

திரவ உலோகம் என்று ஒன்றும் விற்கிறது. காலியம் கலந்த அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பழகாதவர்கள் தொடாதிருப்பது நல்லது. ஹனிவெல்லின் பி.டி.எம். 7950 போன்ற, 45 டிகிரியை ஒட்டி இளகும் தாள் வகைகள் ஓரத்துக்கு எளிதில் ஒதுங்குவதில்லை. அடுத்த முறை அதையே போட எண்ணியிருக்கிறேன்.

இப்போது ஒரு மணிநேரத் தட்டச்சுக்குப் பிறகும் 70-ஐத் தாண்டுவதில்லை. பேஸ்ட் இட்ட தேதியையும் பேடின் தடிமனையும் ஒரு தாளில் எழுதி, பின்மூடியின் உட்புறம் விசிறிக்கு எட்டாத மூலையில் ஒட்டிவைத்தேன். அடுத்துத் திறப்பவர் யாராக இருந்தாலும் அளந்துகொண்டிருக்க வேண்டாம்.