எங்கள் வீட்டு நடுப்பெட்டி

"ஹோம் தியேட்டர்" என்ற பெயரைப் பார்த்ததுமே உங்களில் சிலர் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம், தோட்ட லயத்தில் பிறந்து தாமான் வீட்டுக்கு வந்த நமக்கு எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் நம்மவர் வாழும் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். எத்தனை வீட்டில் சன்னல் கண்ணாடி அதிர்கிறது! சாமான் வந்துவிட்டது. வாங்கியவர்கள் அதனிடமிருந்து என்ன வேலை வாங்குகிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரிசீவர் என்பது பழைய மினி காம்போவுக்கு அண்ணன் மாதிரி கனத்த, கறுப்பான ஒரு பெட்டி. தொலைக்காட்சி, டிஷ் பெட்டி, தட்டு ஓட்டும் கருவி எல்லாவற்றின் வயரும் இதன் முதுகில்தான் வந்து சேரும். வருகிற சத்தத்தை இது பிரித்துப் பிரித்து ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும். முன்னால் இடமும் வலமும் இரண்டு, தொலைக்காட்சிக்குக் கீழே நடுவில் ஒன்று, நமக்குப் பின்னால் இரண்டு, ஆக ஐந்து. அதோடு தரையில் உட்கார்ந்து உறுமுகிற பெரிய பெட்டி ஒன்று. இதைத்தான் கடைக்காரர்கள் "ஃபைவ் பாயிண்ட் ஒன்" என்கிறார்கள். அந்த "பாயிண்ட் ஒன்" உறுமல் பெட்டி. 1992-ஆம் ஆண்டில் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறை சத்தத்தை இப்படித்தான் பிரித்துக் கொடுத்தது. பிறகு அதுவே வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இருப்பது யமாஹா. முதுகுப் பக்கம் "மேட் இன் மலேசியா" என்று அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பெருமை பேசினார். பெட்டியும் ஒலிபெருக்கிகளுமாக 2,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். அப்படிப் பார்த்தால் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். எங்கள் பெரியவன் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. அந்தக் காசுக்கு நல்ல துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியிருக்கலாம் என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மற்ற வீடுகளின் கதையையும் கேளுங்கள். என் நாத்தனார் வீட்டில் ரிசீவரைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, மேலே பின்னல் துணி போட்டு, அதன் மேல் ஒரு பொம்மையையும் உட்கார வைத்தார்கள். அரைமணி நேரம் படம் ஓடும், பெட்டி தானாக அணைந்துவிடும். பேய் பிடித்த பெட்டி என்று கடைக்காரரோடு சண்டை. பேயுமில்லை, ஒன்றுமில்லை. இந்தப் பெட்டிக்குள் சூடு நிறைய உண்டாகிறது. மேல்மூடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் அது வெளியேற வேண்டும். துணியை எடுத்து, நான்கு பக்கமும் காற்று விட்டதும் பேய் ஓடிவிட்டது.

மச்சான் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்கு என்று மலிவாக ஒன்றை வாங்கி வந்தார். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கோ 230. ஸ்விட்சைத் தட்டினார், ஒரு "டப்", கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பின்புறம் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் பார்க்காமல் பழைய பெட்டி எதையும் வாங்காதீர்கள்.

வாட் கணக்கும் அப்படித்தான். மினி காம்போ காலத்தில் பெட்டி மேல் "3,000 வாட்" என்று ஒட்டியிருப்பார்கள், நாமும் வாயைப் பிளந்து வாங்குவோம். அது ஒரு நொடிக்கும் குறைவாக எட்டக்கூடிய உச்சத்தை ஊதிப் பெருக்கிச் சொன்ன கணக்கு. வீட்டுக் கூடத்தில் நாம் சாதாரணமாகக் கேட்பதற்குச் சில வாட் போதும். சத்தம் நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி பத்து மடங்கு வேண்டும். ஆகையால் 80 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாமா தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் 1979 முதல் 2009 வரை முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். பாய்லர், நீராவி டர்பைன், பழத்தைப் பிழியும் இயந்திரம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஓடும். ஆலைக்குள் வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தச் சத்தம் எப்படி என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். தொடக்கத்தில் காதுக்குப் பஞ்சுகூடக் கிடையாது என்பார் மாமா.

வேலையிலிருந்து ஓய்ந்த சில ஆண்டுகளில் அவர் கூடத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் படம் பார்க்கும்போது வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வற்புறுத்திக் கூப்பிட்டால் வந்து உட்காருவார். நகைச்சுவைக் காட்சி வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். மாமா பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார், பிறகு அவரும் சிரிப்பார். அந்த ஒரு நொடி தாமதத்தை நான் கவனித்திருக்கிறேன். "கிழவருக்கு யாரோடும் ஒட்டுதல் இல்லை" என்று உறவில் சிலர் பேசினார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், லாரி சத்தம் கேட்கிறது, அப்படியென்றால் காது நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவர்கள் கட்சி.

அங்கேதான் சூட்சுமம். ஆலைச் சத்தம் காதைக் கெடுக்கும்போது முதலில் தின்பது உயர்ந்த, மெல்லிய சத்தங்களை. தாழ்ந்த சத்தங்கள் வெகுநாள் நிற்கும். நம் பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகள் தாழ்ந்தவை, பலமானவை. ச, த, க, ப போன்றவைதான் ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டிக் கொடுப்பவை. அவற்றின் ஒலி உயரத்தில், மெலிந்து கிடக்கிறது. ஆகவே ஒருவர் பேசுவது மாமாவுக்குக் கேட்கும், என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடாது. அதற்கு மேல் பின்னணி இசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தால் இசைதான் சத்தமாகிறது, பேச்சு அதற்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. போதாததற்கு, இப்போதைய மெல்லிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஒலிபெருக்கி தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது.

பெரியவன் ரிசீவரைக் கொண்டுவந்தது வெடிச்சத்தம் கேட்க. அதை நான் மறைக்கவில்லை. பெட்டியோடு வந்த சின்ன மைக்கை நாங்கள் உட்காரும் இடத்தில் வைத்தான். ரிசீவர் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் ஒரு சத்தத்தை அனுப்பி, அது மைக்குக்கு எப்படி வந்து சேர்கிறது என்று தானே கணக்குப் போட்டு அளவுகளை வைத்துக்கொண்டது. மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது அமிர்தம். மாமா வந்தார், பத்து நிமிடம் இருந்தார், வாசலுக்குப் போய்விட்டார்.

ரிசீவரோடு வந்த புத்தகத்தை ஒரு மத்தியான வேளையில் நான்தான் பொறுமையாகப் படித்தேன். ஆறு வழியாகச் சத்தம் பிரித்த படங்களில் பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டி ஒன்றிலிருந்துதான் வருகிறது. இசையும் மழையும் குண்டும் மற்றப் பெட்டிகளில் அதிகம். ஒவ்வொரு பெட்டியின் அளவையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். அப்படியானால் நடுப்பெட்டியை மட்டும் கூட்டினால் என்ன? மைக் கணக்குப் போட்டது நல்ல காது உள்ளவர்களுக்கு, மாமாவுக்கு அல்ல. அன்று சாயங்காலம் பெரியவனை உட்கார வைத்து, நடுப்பெட்டியை 4 டெசிபல் கூட்டி, உறுமல் பெட்டியை 3 டெசிபல் குறைக்கச் சொன்னேன். நடுப்பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கும்படி தூக்கி வைத்தோம்.

அன்றைக்கும் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. மாமா சிரித்தார். பிள்ளைகளோடு சேர்ந்து, அதே நொடியில். "ஏம்மா, இவன் என்ன இவ்வளவு நல்லா பேசுறான்!" என்று என்னிடம் கேட்டார். நான் அடுப்பைப் பார்ப்பது போல உள்ளே போய்விட்டேன்.

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நான்கைந்து நாள் கழித்துப் பழைய கதையே திரும்பியது. ஒரு படத்தில் பேச்சு தெளிவாக இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரமாயிற்று. தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல இரண்டு வழிச் சத்தத்தில், அதாவது ஸ்டீரியோவில் வருகின்றன. ரிசீவரும் "ஸ்டீரியோ" என்ற நிலையில் இருந்தால் நடுப்பெட்டிக்கு ஒன்றுமே போகாது. அது ஊமையாக உட்கார்ந்திருக்கும், நாம் கூட்டி வைத்த அளவும் வீண். ரிமோட்டில் "சரவுண்ட்" என்றோ, பழைய பெட்டிகளில் "புரோலாஜிக்" என்றோ இருப்பதை அழுத்தினால், இரண்டு பக்கமும் சமமாக வருகிற பேச்சைப் பிரித்தெடுத்து நடுவுக்கு அனுப்பிவிடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ரிசீவர் இருந்தால், செய்தி ஓடும்போது நடுப்பெட்டியில் காதை வைத்துப் பாருங்கள். அமைதியாக இருந்தால் பொத்தானைத் தேடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1952-இல் வந்த "பராசக்தி" போன்ற பழைய படங்கள் ஒற்றை வழிச் சத்தம். "சரவுண்ட்" நிலையில் போட்டால் பேச்சு, பாட்டு, மேளம் அனைத்தும் நடுப்பெட்டிக்கே வந்துவிடும். மற்ற நான்கும் சும்மா இருக்கும். பெரியவனுக்கு ஏமாற்றம். மாமாவுக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, பக்கத்தில் ஒரே ஒரு ஒலிபெருக்கியை வைத்துப் படம் காட்டிய காலத்தில் இப்படித்தான் கேட்டது என்கிறார்.

நடுப்பெட்டி மருந்து இல்லை. சத்தத்தால் கெட்ட காது திரும்ப வளராது. மாமாவை அரசாங்க மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து மெல்லிய ஒலிகளைக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள் நன்றாகக் குறைந்திருந்தன. இப்போது காதுக்கருவி போட்டுக்கொள்கிறார், மனமிருந்தால். அது மின்விசிறிச் சத்தத்தையும் கூட்டுகிறதாம். ஆலைச் சத்தத்துக்கென்று தனி விதிகள் இந்த நாட்டில் 1989-இல் வந்தன, அப்போது வரம்பு 90 டெசிபல். 2019-இல் வந்த புதிய விதிகளில் நாளொன்றுக்கு 85 டெசிபல் என்று குறைத்தார்கள். வேலையிடத்துச் சத்தத்தால் காது கெடுவது சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் கணவரோ மகனோ இன்னும் ஆலையில் இருந்தால் காதுப் பரிசோதனைக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். மாமா காலத்துக் காகிதம் ஒன்றும் எங்களிடம் இல்லை.

பக்கத்து வீட்டாரையும் மறக்க வேண்டாம். நம் தாமான் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர். பேச்சுச் சத்தம் சுவரில் பெரும்பாலும் நின்றுவிடும், உறுமல் நிற்காது, அதைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கட்டிலை ஆட்டும். உறுமல் பெட்டியைச் சுவரோரம் ஒட்டாமல் தள்ளி வைத்தோம். பக்கத்து வீட்டுப் பாக்சிக்கின் தொழுகை நேரத்தில் சத்தத்தை அடக்கிவிடுவோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் ரிசீவரில் இரவு நிலை. அதில் பெரிய சத்தம் குறைந்து, சின்னச் சத்தம் கூடி, இரண்டும் பக்கத்தில் வந்துவிடும். மாமாவுக்குப் பகலிலும் அதுவே வசதி என்பதால் இப்போது பெரும்பாலும் அதிலேயே ஓடுகிறது. பெரியவன் முணுமுணுக்கிறான்.

கடைசியாக இடி. உலகத்தில் இடிமழை அதிகமுள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. பலர் சுவரிலிருந்து பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மின்னல் டிஷ் வயர் வழியாக இறங்கி, டிஷ் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வயரில் ரிசீவருக்கு வந்துவிடும். ஆகவே டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலை மாமாவுடையது. இடி தாழ்ந்த சத்தமல்லவா, அது அவருக்கு நன்றாகக் கேட்கிறது. நாங்கள் படத்தில் மூழ்கிக் கிடக்கும்போது, தூரத்தில் எங்கோ உறுமியதும் எழுந்து போய் இரண்டையும் பிடுங்கிவிட்டு வந்து உட்காருகிறார். படம் பாதியில் நின்றதே என்று பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். அது அவருக்குக் கேட்பதில்லையாம்.