ஆறு ஏறும்போது வண்டு எங்கே போகும்?

பெருவில் நௌத்தா ஊருக்கு அருகே மரன்யோனும் உக்கயாலியும் கலக்கின்றன. அமேசான் என்ற பெயர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டும் ஆண்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்து வருபவை. மழைக்காலத்தில் கரை தாண்டிக் காட்டுக்குள் ஏறும் தண்ணீர் மாதக்கணக்கில் இறங்காது. பிரேசிலில், வண்டல் நீர் ஏறும் காடு வார்சியா. கறுப்பு நீர் ஏறும் காடு இகப்போ. வெள்ளம் எட்டாத மேட்டுக்காடு டெர்ரா ஃபிர்மே.

இந்தக் காடுகளில் இரவில் ஓடி இரை பிடிக்கும் தரை வண்டுகள் உண்டு. தரையே ஆண்டுதோறும் மூழ்கினால் அவை என்ன செய்யும்?

தபாதிங்காவில் எல்லை தாண்டியதும் ஆறு சோலிமோய்ஸ் ஆகிவிடுகிறது. தெஃபே வரை காடும் வளைவும்தான். விடை தேட மனாவுஸ் போக வேண்டும்.

அங்கே ரியோ நெக்ரோ, பால் விடாத தேநீர் நிறத்தில் வந்து சேர்கிறது. மனாவுஸில் நீர்மட்டம் ஓர் ஆண்டுக்குள் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். உச்சம் பெரும்பாலும் ஜூனில். நகருக்கு அருகே தருமா மிரிம் ஓடையோர இகப்போவில் ஜெர்மானியரான யோவாகிம் ஆடிஸ் பல ஆண்டுகள் பூச்சிகளைக் கவனித்தார். நீர் ஏற ஏறச் சில வண்டுகள் அடிமரத்தில் ஏறிக்கொள்கின்றன. சில மேட்டுக்காட்டுக்குப் பறந்துவிடுகின்றன. புலி வண்டு ஒன்றின் புழுவோ எங்கும் போவதில்லை. மூழ்கிய மண்ணுக்குள் மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு கிடக்கிறது. எனக்கு மூன்றிலும் வியப்பு இதன் மேல்தான்.

வெள்ளம் வந்தால் உயிர்வகை குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆடிசும் அமெரிக்கரான டெர்ரி எர்வினும் 1982இல் மாற்றிச் சொன்னார்கள்: வெள்ளக்காடுதான் புதிய இனங்கள் உருவாகும் களம். இதை நிரூபிப்பது கடினம். ஆனாலும், ஏறவும் பறக்கவும் தெரிந்த வண்டுக்கு மர உச்சியும் மேட்டுக்காடும் எட்டாத இடங்களல்ல என்று பார்த்தால் வாதத்தில் வலு இருக்கிறது.

எர்வின் மனாவுஸைச் சுற்றி நான்கு வகைக் காடுகளில் மர உச்சிகளுக்குப் பூச்சிக்கொல்லிப் புகை அடித்தார். விழுந்த வண்டுகளில் 1,080 இனங்கள். அவற்றில் 83 சதவீதம் ஒரே ஒரு வகைக் காட்டில் மட்டுமே கிடைத்தன. கறுப்பு நீர்க் காட்டைக் காப்பாற்றி வண்டல் நீர்க் காட்டை விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

மரமேறுவது, பறப்பது, மண்ணுக்குள் கிடப்பது என்ற வண்டுகளின் உத்திகளெல்லாம் நேரத்துக்கு வரும் வெள்ளத்தை நம்பியவை. ஆனால் ஆறு எப்போதும் வழக்கப்படி நடப்பதில்லை: 2021 ஜூனில் மனாவுஸ் துறைமுக அளவுகோல் 30.02 மீட்டர் காட்டியது. 2023 அக்டோபரில் 13 மீட்டருக்கும் கீழே போனது.

மனாவுஸைத் தாண்டினால் பெயர் மறுபடியும் அமேசான். ஓபிடுஸில் ஆறு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. கடலின் ஏற்ற இறக்கம் இந்த ஊர் வரை எட்டிப் பார்க்கிறது. முகத்துவாரக் காடுகளில் வெள்ளம் ஆண்டுக்கொரு முறை வருவதில்லை, நாளுக்கு இரண்டு முறை வருகிறது. ஜூனுக்காகக் காத்திருந்து பறக்கும் பழக்கம் அங்கே செல்லாது.

ஆற்றின் தென்வாயில் பெலேம். ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1848இல் சக ஆய்வாளர் வாலஸுடன் வந்திறங்கிய ஊர் இது. தரையில் தரை வண்டுகள் இவ்வளவு குறைவாக இருப்பதேன் என்று அவர் யோசித்தார். நிழலான இடமெல்லாம் எறும்பும் கறையானும் நிறைந்து, வண்டின் வேலையைத் தாமே செய்துவிடுகின்றன என்பது அவர் கண்ட காரணம். இரை தின்னும் வண்டுகளில் மரமேறிகள் மிகுதி என்றும் எழுதினார். ஆக, வெள்ளமே வராத மேட்டிலும் தரை காலியாக இல்லை.